ஜேம்ஸ் மாடிசன்

பல நாடுகள் ஒன்றுகூடி ஒரு தேசமாக வாழ விரும்புங்கால், ஒவ்வொரு நாடும் தன் அதிகாரத்தில் எவ்வளவை விட்டுக்கொடுத்தல் வேண்டும், எவ்வளவைத் தன்பால் வைத்துக்கொள்ளல் வேண்டும் என்னும் வினா எழுதல் இயல்பே. விட்டுக்கொடுப்பது குறையின் ஐக்கியங் குலையும். மிகின் உள்நாட்டுரிமை அழியும். இவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர், ஐக்கிய அமெரிக்க நாடுகளின் நான்காம் ஜனாதிபதியாகிய ஜேம்ஸ் மாடிசன் ஆவர். அவர் ஒருகால் மத்திய அரசாங்கத்தின் பக்கமும், மற்றொருகால் மாகாணங்களின் பக்கமும் நின்றார். அதனால் அவரை நிலையற்றவர் என்று பழித்தாரும் உளர். அப்பழி பொருந்துமா என்பதை அவர் சரித்திரங் கொண்டே ஆராய்வாம்.

மாடிசன் 1751ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆம் நாள் வர்ஜீனியாவிற் பிறந்தார். தந்தையார் பெருநிலக்கிழார், அடிமைகள் பலரை உடையவர். மைந்தரோ உருவிற் சிறியர், மெலிந்த உடலினர், தாழ்ந்த குரலினர். பிற்காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக வளர்ந்த நியூஜெர்ஸிக் கல்லூரியில் அவர் பயின்றார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் விதர்ஸ்பூன் என்னும் குருவானவர் அப்பொழுது அதன் தலைவராயிருந்தார். 1771இல் பட்டம் பெற்ற பின்னரும் மாடிசன் சில மாதங்கள் அங்கேயே தங்கி எபிரெய மொழி கற்றார். கற்றலில் இருந்த இவ்வேட்கையே பின்னர் அவர் தேசத்திற்குப் பெருந்துணையாயிற்று.

பதின்மூன்று குடியேற்ற நாடுகள் 1776இல் பிரிட்டனை விட்டு நீங்கின. அவற்றைப் பிணைக்க 1781இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, பெயரளவில் மட்டுமே ஓர் ஐக்கியத்தைத் தந்தது. காங்கிரஸ் சபை போர் தொடுக்கலாம். வரி விதித்தல் இயலாது. மாகாணங்களிடம் பணங் கேட்கலாம். அவை கொடாவிடின் செய்யத்தக்கது யாதுமில்லை. உடன்படிக்கையைத் திருத்துவதற்கோ பதின்மூன்று மாகாணங்களும் ஒருங்கே இசைதல் வேண்டும். போர்க்கடனைத் தீர்க்கும் பொருட்டு இறக்குமதிப் பண்டங்களுக்கு நூற்றுக்கு 5 வீதம் தீர்வை விதிக்கக் காங்கிரஸ் 1781இல் விரும்பியது. அளவிற் சிறிய ரோட் ஐலண்டு அடுத்த ஆண்டில் இசைய மறுக்கவே அம்முயற்சி வீழ்ந்தது. 1783இல் ஊதியம் பெறாத படைவீரர்கள், காங்கிரஸ் கூடியிருந்த மாளிகையையே சூழ்ந்துகொண்டனர். அக்காலத்தில் அச்சபையில் உறுப்பினராயிருந்த மாடிசன் இவ்விழிநிலையை நேரிற் கண்டு வருந்தினார்.

வருந்தியதோடு அவர் அமைந்தாரல்லர். பாரிசிலிருந்த நண்பர் ஜெபர்ஸன் அனுப்பிய நூல்களைத் துருவிக் கற்றார். பண்டைக் கிரேக்க நாட்டுக் கூட்டணிகள், சுவிட்சர்லாந்து, ஒல்லாந்து முதலியவற்றின் ஐக்கியங்கள் எவ்வாறு தளர்ந்தன என்று ஆராய்ந்து குறிப்பெழுதினார். நடு அதிகாரம் நலிந்தமையே அவற்றின் நோய் என்று கண்டார்.

1787ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலடெல்பியா நகரில் அரசியல் நிர்ணய மகாசபை கூடிற்று. மாடிசன் வகுத்த கருத்துக்களே வர்ஜீனியாத் திட்டம் என்னும் பெயரால் முதலில் ஆராய்ச்சிக்கு வந்தன. மாகாணச் சட்டங்களைத் தள்ளிவிடும் அதிகாரம் காங்கிரசுக்கு வேண்டுமென்று அவர் வாதித்தார், சபை மறுத்தது. இரு மன்றங்களிலும் மக்கட்டொகைக்கு ஏற்பவே உறுப்பினர் இருத்தல் வேண்டுமென்றார். சிறு மாகாணங்கள் ஒருப்படவில்லை. மேல்மன்றத்தில் எல்லா மாகாணங்களுக்கும் சமமான இடம் என்று ஜூலை 16ஆம் நாள் முடிவாயிற்று. தோல்வியுற்றும் அவர் சபையை விட்டு அகலவில்லை; நாடோறும் நடந்தவற்றைத் தம் கையாலேயே எழுதி வந்தார். செப்டம்பர் 17ஆம் நாள் நிறைவேறிய திட்டத்தின்படி வரி, போர், நாணயம், மாகாணங்களிடை நிகழும் வாணிகம் முதலியன மத்திய அரசாங்கத்தின்பால் வந்தன. எஞ்சியவற்றுட் பெரும்பாலன மாகாணங்களின்பால் நின்றன.

நிற்க, இத்திட்டம் மாகாணங்களை விழுங்கிவிடுமென்று பலர் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க ஹாமில்ட்டன், ஜே என்பாரோடு கூடி மாடிசன் எழுதிய கட்டுரைகள் இன்றும் அரசியல் மாணவரால் போற்றப்படுகின்றன. வர்ஜீனியாவில் நாவன்மை மிக்க பாட்ரிக் ஹென்றியை அவர் தம் மெல்லிய குரலாலேயே எதிர்த்து நின்றார். 89க்கு 79 என்ற வாக்குகளால் திட்டம் அங்கு ஏற்கப்பட்டது. வென்ற பின்னர் எதிரிகளின் அச்சத்தை அவர் இகழ்ந்தாரல்லர். 1789இல் தாமே உரிமைத் திருத்தங்களைக் கொணர்ந்தார். 1791இல் நிறைவேறிய பத்தனுள் இறுதியானது, மத்திய அரசாங்கத்திற்கு வழங்கப்படாததும் மாகாணங்களுக்கு விலக்கப்படாததுமாகிய அதிகாரம் மாகாணங்களுக்கோ மக்களுக்கோ உரியது என வரையறுத்தது. மனச்சாட்சி உரிமையையும் அச்சுரிமையையும் மாகாணங்களும் மீறலாகாது என்றும் அவர் ஒரு திருத்தம் வரைந்தார். மேல்மன்றம் அதனை நீக்கிவிட்டது.

பின்னர்த் தராசு மறுபுறம் சாய்ந்தது. அரசாங்கத்தைப் பழித்தெழுதுவோரைச் சிறையிடும் சட்டத்தைக் காங்கிரஸ் 1798இல் இயற்றியபோது, அதனைக் கண்டித்து வர்ஜீனியாச் சபை நிறைவேற்றிய தீர்மானங்களை வரைந்தவர் மாடிசனே. 1809 முதல் 1817 வரை அவர் ஜனாதிபதியாயிருந்தார். 1812இல் பிரிட்டனோடு மூண்ட போரில் மாசச்சுசெட்ஸ், கனெக்டிகட் மாகாணத் தலைவர்கள் தங்கள் படைகளை அனுப்ப மறுத்தனர். 1814இல் பகைவர் தலைநகரைக் கொளுத்தினர். ஆயினும் ஆட்சியை எதிர்த்து எழுதினாரைச் சிறையிட அவர் முற்படவில்லை. பதவி நீங்குதற்கு முன்னாள், சாலைகளும் கால்வாய்களும் அமைத்தற்குப் பொருள் ஒதுக்கிய மசோதா ஒன்று வந்தது. அவ்வேலை நன்றென்று அவர் கருதினும், அதற்குரிய அதிகாரம் காங்கிரசுக்கு இல்லையென்று ஒப்பமிட மறுத்தார்.

முதுமையிலும் அவர்க்கு ஓய்வில்லை. தீர்வைச் சட்டங்கள் தன் எல்லையுட் செல்லா என்று 1832இல் தென் கரோலினா விளம்பிற்று. அதன் தலைவர்கள் மாடிசனது 1798ஆம் ஆண்டுத் தீர்மானங்களையே சான்றாகக் காட்டினர். எண்பது வயது கடந்து, முடக்குவாதத்தால் நலிந்த அம்முதியவர், கண்டித்தல் வேறு, ஒரு மாகாணந் தனித்து நின்று சட்டத்தை அழித்தல் வேறு என்று கடிதங்கள் வாயிலாக மறுத்தார். 1836ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் உயிர்நீத்தார்.

எனவே, அவர் பக்கம் மாறினாரல்லர்; எத்தட்டு எழுந்ததோ அத்தட்டிலேயே தம் கையை வைத்தார். ஆயினும் ஒன்று மறைத்தலாகாது. அடிமைத்தனந் தீதென அறிந்தும் அவர் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை உடையராயிருந்தார். இறுதியுயிலிலும் அவர்களை விடுவித்தாரல்லர். மத்திய அரசாங்கம், மாகாணம் என்ற இரு தட்டுக்களை நிறுத்த அவ்வறிஞர், அவ்விரண்டின்கீழும் நசுங்கிய மாந்தரை நிறுக்கவில்லை. அப்பிழைக்கு அவர் தேசம் 1861 முதல் 1865 வரை குருதியால் விலை கொடுத்தது. மாகாணங்களும் மாந்தர் உரிமையைப் பறிக்கலாகாது என்னும் பதினான்காம் திருத்தம் 1868இல் நிறைவேறியது; 1789இல் மேல்மன்றம் நீக்கிய அவர் கருத்தின் ஒரு பகுதி அதனால் மீண்டும் உயிர் பெற்றது.

அதிகாரத்தைப் பங்கிடுவது அரசாங்கங்களின் பெருமைக்கன்று, அவற்றின்கீழ் வாழும் எளியவனது உரிமைக்கே என்பதை, நண்பர்களே, இப்பெரியாரின் வெற்றியும் தோல்வியும் நமக்கு ஒருங்கே உணர்த்துவனவாகும்.