தொடையகராதி தந்த வீரமாமுனிவர்

சென்ற விடுமுறையில் திண்டுக்கல்லில் எம் இல்லத்து இளையோர் சிலர் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றனுடன் மல்லாடிக்கொண்டிருந்தனர். ஆறெழுத்துச் சொல் ஒன்று வேண்டும், அதன் இரண்டாம் எழுத்தும் ஈற்றெழுத்துமே தெரியும், முதலெழுத்துத் தெரியாது. பெரியதோர் அகராதியைக் கொணர்ந்து வைத்துக்கொண்டு ஏடு ஏடாகப் புரட்டினர். முதலெழுத்து அறியாதானுக்கு அகராதி யாது உதவும்? கதவிருந்தும் திறவுகோல் இல்லாத வீடே அது. அக்காட்சியைக் கண்ட எமக்கு, இவ்விடர்ப்பாட்டினை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்து, தமிழுக்கென அதனை நீக்க முற்பட்ட வீரமாமுனிவர் நினைவில் எழுந்தார். தேம்பாவணி ஆசிரியராக அவரை அறியாதார் இலர். சொல் தேடுவார்க்கு அவர் செய்த உதவியை அறிந்தாரோ மிகச் சிலரே.

இத்தாலிய நாட்டில், மாந்துவா நகரைச் சார்ந்த காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710இல் கோவாவை அடைந்து, மறு ஆண்டு தமிழகம் புகுந்தார். அப்பொழுது திண்டுக்கல்லும் அதன் சமவெளியும் மதுரை நாயக்கர் ஆட்சியின்கீழ் இருந்தன. பெஸ்கியார் ஊழியம் செய்யவந்த திருப்பணிக் களமும் மதுரை மிஷன் என்றே வழங்கிற்று. ஏலாக்குறிச்சியில் அவர் நெடுங்காலம் உழைத்தனர்.

தமிழ் மண்ணில் அடிவைத்தபொழுது அவருக்கு வயது முப்பது. தாய்மடியிற் கற்கவேண்டிய மொழியை அவ்வயதில் எழுத்தெழுத்தாய்க் கற்பான் ஒருவனுக்குச் சொல்லைத் தேடும் துன்பம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் தமிழ் மாணாக்கர்க்குத் துணையாயிருந்தவை நிகண்டுகள். அவை பாட்டால் இயன்றவை. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனப் பொருள்வகையால் பகுக்கப்பட்டவை. மனப்பாடம் செய்தார்க்கு அவை நாவிலிருந்து வரும். செய்யாதார்க்குக் கடலில் எறிந்த கல்லே. (எம்மிற் சிலர் நிலையும் அதுவே என்பதை ஒப்புக்கொள்வதில் நாணமில்லை.)

அவர் 1732இல் இயற்றிய நூலே சதுரகராதி. சதுர் எனின் நான்கு. சொல்லுக்குப் பொருள் கூறுவது பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் தருவது பொருளகராதி. முச்சுடர், நாற்படை, ஐம்பூதம் போன்றவற்றை விரிப்பது தொகையகராதி. நான்காவதாகிய தொடையகராதியே யாம் கூறப்புகுந்தது. செய்யுளில் அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல் எதுகையாம். திண்டுக்கல் மலையைக் கண்டு 'குன்று' எனத் தொடங்கிப் பாடுவான் ஒருவனுக்கு அடுத்த அடிக்குக் கன்று, மன்று, தென்றல் போன்றதொரு சொல் வேண்டும். முதலெழுத்து யாதாயினும் ஆகுக. குறிலாய் அளவொத்திருப்பின் அமையும். இரண்டாம் எழுத்தே அவன் பற்றுக்கோடு. குறுக்கெழுத்தின்முன் அமர்ந்த எம் இளையோரின் நிலைக்கும் அவன் நிலைக்கும் வேறுபாடு யாதுளது? அத்தகையான் தேடும் வழியிலேயே சொற்களை எதுகை நோக்கி நிரல்படுத்தித் தந்தது தொடையகராதி.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தமிழில் முதன்முதல் அகரநிரல் கண்டவர் வீரமாமுனிவரே என மேடைதோறும் முழங்குவர். யாமும் ஒருகால் அவ்வாறே முழங்கினோம். ஆயின் சிதம்பர ரேவண சித்தர் 16ஆம் நூற்றாண்டிலேயே தம் அகராதி நிகண்டில் முதலெழுத்து நிரலைக் கைக்கொண்டுவிட்டார். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி ககர எதுகை முதலாக எதுகைமுறையால் அமைந்துளது. அந்தாம் தெ புரோயென்சா என்னும் இயேசு சபைத் துறவியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியும் அம்பலக்காட்டில் 1679இலேயே, அஃதாவது பெஸ்கியார் பிறப்பதற்கு ஓராண்டு முன்னரே, அச்சேறிற்று. இவற்றைக் கூறுதலால் முனிவர் புகழ் குன்றாது. இரண்டாம் எழுத்து, அதன்பின் வரும் எழுத்து என இறுதிகாறும் நிரலைக் கடைப்பிடித்ததும், பாட்டின் தளையினின்று சொல்லை விடுவித்ததும், ஒரு சொல்லை நால்வழியால் அணுக ஒரே நூலில் நான்கு வாயில்கள் அமைத்ததும் அவர் செயல். முதல்வர் என்னும் பட்டத்தினும் இதுவே அவர்க்கு உண்மையான பெருமை என்பது எம் துணிபு.

எழுத்தின் மாட்டும் அவர் கருத்துச் சென்றது. முன்னாளில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற்றே நெடிலினின்று வேறுபட்டன. ஓலையிற் புள்ளி குத்தின் ஏடு பழுதுறும் என எழுதுவோர் அதனை விட்டுவிடுவர். குறிலோ நெடிலோ எனப் படிப்போர் மயங்குவர். இன்று நாம் எழுதும் ஏகார ஓகார வடிவங்களும், நெடிற்குரிய இரட்டைச் சுழிக் கொம்பும் அம்மயக்கந்தீர முனிவர் வகுத்தனவே.

வளனாரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3615 பாக்களால் இயன்ற தேம்பாவணி, ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம், பரமார்த்த குரு கதை ஆகியன பற்றிப் பலரும் எழுதியுள்ளனராதலின் விடுக்கின்றோம். சந்தா சாகிபிடம் அவர் திவானாயிருந்தார் என்னும் கதையை ஆராய்ச்சியாளர் ஏற்றிலர், யாமும் ஏற்கின்றிலம். அவர் 1747இல் இறைவனடி சேர்ந்தார் என்பது பெரும்பான்மையோர் கொள்கை.

சதுரகராதி முழுமையும் சென்னையில் அச்சேறியது 1824இல். அதனை அச்சிற் காண அவர் இருந்திலர். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை எழுந்தது. எம் திண்டுக்கல்லிலும் இயேசு சபைத் துறவியர் பயிற்சி இல்லம் ஒன்று பெஸ்கி கல்லூரி என அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வழியே பன்முறை சென்றிருந்தும், அப்பெயர்க்குரியார் எதுகை தேடுவார்க்கும் நண்பர் என்பதை யாம் அறிந்தது இவ்வாண்டிலேதான். எம் இளையோர் தேடிய ஆங்கிலச் சொல்லோ, மறுநாள் விடை வெளிவரும் வரையில் அகப்பட்டிலது.