நடக்கும்போதே மறைந்த பார்வை, சுற்றிய தலை.. 1912ல் ஆமைப்பாறை அருகே ரமணருக்கு என்ன நடந்தது?

பௌர்ணமி கிரிவலம் போறவங்க செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டாமல் போக முடியாது. அங்கே இருக்கும் படங்களில் ரமண மகரிஷி அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஆனா அதே மனிதர் நிற்கவே தடுமாறிய நாட்களும் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

1879 டிசம்பர் 30ல் திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். 16 வயதில் மதுரை வீட்டை விட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்க அறையில், இருட்டில், பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியும் எழாமல் கிடந்தார். அடுத்து குருமூர்த்தம். ஒரு நாளைக்கு ஒரு குவளை உணவு, அவ்வளவுதான். உடம்பு ஒடுங்கிப்போய், எழுந்து நிற்பதே பெரும்பாடாகிவிட்டது. ஒருமுறை வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றவரை உதவியாளர் பழனிசாமி தாங்கிக்கொண்டார். எதுக்கு பிடிக்கிறார் என்றே அவருக்குப் புரியவில்லை. தான் விழப்போனதே தெரியாத நிலை!

மூன்று முறை வந்த வெள்ளைத் திரை

1912ல் ஒரு காலை. பச்சையம்மன் கோயிலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பழனிசாமி, வாசுதேவ சாஸ்திரி ஆகியோருடன் விரூபாட்ச குகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆமைப்பாறை அருகே திடீரென உடம்பு தளர்ந்தது. கண்முன் இருந்த காட்சியை ஒரு பளிச்சென்ற வெள்ளைத் திரை மூடியது. விழுந்துவிடாமல் இருக்க அப்படியே நின்றார். தெளிந்ததும் நடந்தார். மறுபடி வந்தது, பாறையில் சாய்ந்துகொண்டார். மூன்றாவது முறை உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தலை சுற்றியது, உடம்பு நீலம் பாரித்தது. மூச்சும் ரத்த ஓட்டமும் நின்றுவிட்டதாகவே அவர் பின்னாளில் விவரித்தார். இறந்துவிட்டார் என நினைத்து வாசுதேவ சாஸ்திரி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். சுமார் 15 நிமிடம் கழித்து உடம்பு முழுக்க வியர்த்து, பழைய நிலைக்கு வந்தார். பக்தர்கள் இதை இரண்டாவது மரண அனுபவம் என்கிறார்கள். அவரோ, இப்படி அவ்வப்போது தனக்கு வருவதுதான், அன்று கொஞ்சம் கடுமையாகிவிட்டது என்ற அளவில் சொல்லி முடித்துக்கொண்டார்.

எல்லா தலைசுற்றலும் ஒன்றா?

இல்லை. பார்வை வெளுத்து அல்லது இருட்டி, வியர்த்துக்கொட்டினால் பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும். உள்காதிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு பாதிக்கப்பட்டால் பார்வை மறையாது, சுற்றியிருப்பதெல்லாம் சுழலும். சர்க்கரை நோயாலோ பி12 சத்துக் குறைவாலோ பாத நரம்புகள் கெட்டால் தலை சுற்றாமலேயே கால் தடுமாறும். இருட்டில் நடக்கும்போதும், கண்ணை மூடி முகம் கழுவும்போதும் இது தெரியும். காரணம், தரை எங்கே இருக்கு என்பதை பாதம் சரியாகச் சொல்லாததால் கண்தான் ஈடுகட்டுகிறது.

எந்த வகையானாலும் விழுந்து அடிபடாமல் இருக்க முதலில் செய்ய வேண்டியது அன்று மலையில் ரமணர் செய்ததுதான்: நில், சாய்ந்துகொள், உட்கார். திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் போகணும். பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் இழுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

1926க்குப் பிறகு ரமணர் கிரிவலம் போவதை நிறுத்திக்கொண்டார். முழங்கால் வாதம் வந்தபின் கைத்தடி துணையோடுதான் நடந்தார். 1949ல் இடது கையில் வந்த கட்டிக்கு நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கையையே எடுத்துவிட டாக்டர்கள் யோசனை சொன்னபோது சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு காலமானார்.

அந்தக் கைத்தடிக்கும் ஒரு கதை இருக்கு. ஒருநாள் நாய் ஒன்று அணிலைத் துரத்தியது. நடுவில் தன் தடியை வீசினார் ரமணர். பிடிமானம் போய் வழுக்கி விழுந்ததில் தோளருகே காறை எலும்பு முறிந்தது. அணில் தப்பிவிட்டது.