மின்சாரத்தை அறிந்து ஆண்ட மைக்கேல் பாரடே

இன்று இல்லந்தோறும் விளக்கு எரிகின்றது; ஆலைதோறும் இயந்திரங்கள் சுழல்கின்றன. இவற்றுக்கு மின்சாரம் வழங்கும் மின்னாக்கியின் அடிப்படை உண்மையைக் கண்டறிந்தவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் ஆவார். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய ஏழைச் சிறுவர். ஓய்வு நேரத்தில் தம் கையாலேயே மின்கருவிகள் செய்து பழகியவர். ஆபத்து நிறைந்த அத்துறையில் அவர் எவ்வாறு முன்னேறினார் என்பதை அறிதல் நமக்குப் பெரிதும் பயன் தரும்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் நகரின் தென்பகுதியில் பிறந்தார். தந்தையார் ஒரு கொல்லர். அவர் அடிக்கடி நோயுற்றதால் குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. 1801ஆம் ஆண்டில் தானிய விலை மிக உயர்ந்தபோது, சிறுவர் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டியே உணவாகக் கிடைத்தது. எழுத்தும் வாசிப்பும் கணக்கும் ஓரளவு கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

1804ஆம் ஆண்டில் ரீபோ என்னும் புத்தக வணிகரின் கடையில் செய்தித்தாள் கொண்டு செல்லும் பையனாக அவர் சேர்ந்தார். அவருடைய நேர்மையைக் கண்ட ரீபோ, மறு ஆண்டே கட்டணம் எதுவும் பெறாமல் அவரைப் புத்தகம் கட்டும் தொழிலுக்குப் பயிற்சியாளராக ஏற்றார். கட்டுவதற்கு வந்த நூல்களை எல்லாம் பாரடே படித்தார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா என்னும் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. படித்ததை அப்படியே நம்பாமல், தாமே செய்து பார்க்க விரும்பினார்.

சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கொண்டு, கண்ணாடியைச் சுழற்றி உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் பொறி ஒன்றைச் செய்தார். அம்மின்சாரத்தைச் சேர்த்து வைக்க லைடன் சாடி பயன்படும். அது உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிப் புட்டியாகும். இவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. உராய்வுப் பொறி பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் தர வல்லது. பொறியை நிறுத்திய பின்னும் சாடியில் மின்சாரம் தங்கியிருக்கும். அறியாமல் தொட்டவரைத் தூக்கி எறியும். ஆகவே, கண்ணாடிப் பிடியுள்ள உலோகக் கம்பியால் சாடியின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் இணைத்து, மின்சாரத்தை வெளியேற்றிய பின்னரே அதைத் தொடுவது வழக்கம். 1753ஆம் ஆண்டில் ருசிய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்னும் அறிஞர், நிலத்தோடு இணைக்கப்படாத கம்பியின் வழியே மின்னலை ஆராய்ந்தபோது உயிரிழந்தார்.

1812ஆம் ஆண்டில் பாரடே மின்கலம் ஒன்றையும் செய்தார். அரைப்பென்னி நாணய அளவில் ஏழு துத்தநாக வட்டுகளை வெட்டினார். ஏழு செப்பு நாணயங்களை எடுத்துக்கொண்டார். உப்பு நீரில் நனைத்த காகிதங்களை இடையிட்டு அடுக்கினார். அச்சிறு அடுக்கின் மின்சாரத்தால் இரசாயனப் பொருளொன்றைப் பிரித்தும் காட்டினார்.

அதே ஆண்டில் அறிவியலறிஞர் அம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அழகிய நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அதன் பயனாக 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராயல் இன்ஸ்டிடியூசன் என்னும் ஆய்வு நிலையத்தில் உதவியாளரானார். அடுத்த திங்களே ஒரு சோதனை நேர்ந்தது. டேவியோடு வெடிக்கும் இயல்புடைய பொருளொன்றை ஆராய்ந்தபோது, பாரடேயின் கையிலிருந்த குழாய் வெடித்தது. விரல்கள் புண்பட்டன; நகத்தின் ஒரு பகுதி பிய்ந்தது. முகத்தில் அணிந்திருந்த கண்ணாடிக் கவசத்தில் சில்லுகள் தாக்கின. கவசம் அணிந்திராவிடின் கண்பார்வை போயிருக்கலாம். அதே பொருளினால் முந்திய ஆண்டில் டேவி கண்ணில் காயமுற்றிருந்தார்.

1831ஆம் ஆண்டில் பாரடே உலகையே மாற்றிய உண்மையைக் கண்டார். கம்பிச்சுருளினுள் காந்தத்தை நகர்த்தினால் மின்சாரம் பிறக்கிறது என்பதே அது. 1836ஆம் ஆண்டில் பன்னிரண்டு அடிச் சதுர அறையொன்றை அமைத்து, அதன் மேல் கம்பியும் உலோகத் தாளும் சுற்றினார். சக்தி வாய்ந்த பொறியால் அதற்கு மின்னேற்றினார். வெளிப்புறத்தில் தீப்பொறிகள் பறந்தன. உள்ளே நுண்ணிய கருவிகளோடு இருந்த பாரடேக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. மின்சாரம் உலோகக் கூட்டின் புறத்தே தங்கும் என்று முன்னரே ஆராய்ந்து தெளிந்திருந்ததால்தான் அவர் உள்ளே சென்றார். அது துணிச்சல் மட்டுமன்று. அறிவின் துணை பெற்ற துணிவு.

பிறர் உயிரையும் அவர் பெரிதாக மதித்தார். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். அரசாங்கம் பாரடேயையும் லயல் என்னும் அறிஞரையும் விசாரணைக்கு அனுப்பியது. விசாரணையின்போது, வெடிமருந்துப் பையின் மேல்தான் தாம் அமரவைக்கப்பட்டிருந்தார் என்பதைப் பாரடே அறிந்தார்! அருகிலே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அந்த அளவுக்கு அங்கே கவனக்குறைவு மிகுந்திருந்தது. நிலக்கரித் தூசும் வெடிப்பைப் பெருக்கியது என்று அவ்விருவரும் எடுத்துக் கூறியும், அவ்வுண்மை நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை.

புகழையும் பட்டத்தையும் நாடாத பாரடே, சிறுவர்களுக்கெனப் பத்தொன்பது முறை கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடர் நிகழ்த்தினார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாணவச் செல்வங்களே! லைடன் சாடியின் வழிவந்ததே இன்றைய மின்தேக்கி. லேசர்க் கருவிகள் பலவற்றின் உயர் அழுத்தப் பகுதியில் அது உள்ளது. சுவிட்சை அணைத்த பின்னும் உயிரைப் பறிக்கும் மின்சாரம் அதில் தங்கியிருக்கக்கூடும். மின்தேக்கியின் கொள்திறனை அளக்கும் அலகுக்குப் பாரடேயின் பெயராலேயே ஃபாரட் என்று பெயர் வைத்துள்ளனர். கருவி செய்து பழகும் ஆர்வம் நல்லதே. ஆயினும் வீட்டு மின்சாரத்திலும் உயர் அழுத்தக் கருவிகளிலும் தனியே கை வைத்தல் ஆகாது. சிறிய மின்கலத்தில் தொடங்குங்கள்; முதலில் படியுங்கள்; ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெற்றோரும் பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுக்காமல், நல்வழி காட்டுவாராக. வறுமை பாரடேயின் அறிவைத் தடுக்கவில்லை. அவரது கவனம் அவருடைய உயிரைக் காத்தது. நாமும் அவ்வழி நின்று உயர்வோமாக!