குஸ்தாவ் ஹோல்ஸ்ட்

குஸ்தாவ் ஹோல்ஸ்ட் (செப்டம்பர் 21, 1874 – மே 25, 1934) ஓர் ஆங்கிலேய இசையமைப்பாளரும் இசை ஆசிரியரும் ஆவார். கோள்கள் என்னும் ஏழு பகுதி இசைக்கோவை இவரது புகழ்பெற்ற ஆக்கமாகும். சப்பானியரான இசாவோ தோமிதா 1976 இல் வெளியிட்ட விண்வெளிப் பயண மின்னணு இசைத்தொகுப்பு இதனை அடிப்படையாகக் கொண்டது.

வாழ்க்கை

செல்ட்னம் நகரில் இசைக் குடும்பமொன்றில் பிறந்தார். வலக்கையைப் பாதித்த நரம்பு நோயால் பியானோக் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டு, டிராம்போன் என்னும் ஊதுகருவியைக் கற்றார். இலண்டன் அரச இசைக் கல்லூரியில் பயின்றபின் சில ஆண்டுகள் இசைக்குழுக்களில் அதனை வாசித்தே வருவாய் ஈட்டினார். 1905 முதல் இறக்கும் வரை இலண்டனிலுள்ள செயின்ட் பால் பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். வார இறுதிகளிலும் விடுமுறைகளிலுமே இசையமைக்க நேரம் கிடைத்தது. சமசுகிருதம் கற்று, இருக்கு வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைத்தார். சாவித்திரி கதையை இசை நாடகமாக்கினார்.

கோள்கள்

இது 1914 முதல் 1917 வரை உருவானது. விண்வெளி இசையாகவே இன்று பலரும் இதனைக் கருதுகின்றனர். ஆனால் ஹோல்ஸ்டின் மனத்தில் இருந்தது வானியல் அன்று, சோதிடம். அதனால்தான் இதில் புவி இல்லை. வரிசையும் செவ்வாயில் தொடங்குகிறது. இறுதிப் பகுதியான நெப்டியூனில், மேடைக்கு அப்பால் மறைவாக உள்ள அறையில் பெண்கள் சொற்களின்றிப் பாடுவர். பாடல் தொடரும்போதே அறைக்கதவு மெல்ல மூடப்பட, ஒலி தேய்ந்து மறையும். இன்று ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு குமிழைத் திருகிச் செய்வதை இவர் ஒரு கதவைக் கொண்டு செய்தார். 1918 செப்டம்பர் 29 இல் ஏட்ரியன் போல்ட் முதன்முறையாக இதனை நடத்தினார். தம் பிற ஆக்கங்களை இது மறைத்துவிட்டதில் ஹோல்ஸ்டுக்கு வருத்தம் உண்டு. 1930 இல் புளூட்டோ கண்டறியப்பட்டபோதும் புதிய பகுதி எதனையும் சேர்க்கவில்லை. 1934 இல், அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதயம் செயலிழந்து இறந்தார்.

மின்னணு வடிவம்

தோமிதா, மோக் சிந்தசைசரைக் கொண்டு முழு இசைக்குழுவின் பணியையும் தாம் ஒருவரே செய்தார். ஏவூர்தி கிளம்பும் ஓசையும் வானொலிப் பேச்சுப் போன்ற குரல்களும் சேர்க்கப்பட்டதால், சோதிடக் கோவை விண்பயணக் கதையாயிற்று. ஹோல்ஸ்டின் ஒரே மகளும் இசையமைப்பாளருமான இமோஜென் இதற்கு இசைவளிக்க மறுத்தார். தொகுப்பு பிரித்தானியாவில் திரும்பப் பெறப்பட்டது. தந்தை உயிருடன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அறிய முடியாதது. மின்முறை ஒலிப்பதிவு வந்த புதிதிலேயே, 1926 இல், இக்கோவையைத் தாமே நடத்திப் பதிவு செய்தவர் அவர்.

இமோஜென் 1984 இல் காலமானார். தோமிதா 2011 இல் தம் தொகுப்பைப் புதுப்பித்து வெளியிட்டபோது, இட்டோக்காவா என்னும் சிறுகோளையும் அங்கு சென்று மீண்ட அயபுசா விண்கலத்தையும் பற்றிய புதிய பகுதியொன்றைச் சேர்த்தார்.