எல்லைப்புற வீரர்களைத் திரையில் தீட்டிய ஜான் ஃபோர்டு

திரைப்படத்தை வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் பலர். அக்கலையின் வாயிலாக வரலாற்றையும் மனித மனத்தையும் ஆராய்ந்தோருள் ஒருவர் அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டு ஆவார்.

பிறப்பும் வளர்ச்சியும்

அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மெயின் மாநிலத்தில் 1894ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் இவர் பிறந்தார். 1914இல் தமையனாரைப் பின்பற்றி ஹாலிவுட் சென்று, மூன்றே ஆண்டுகளில் இயக்குநரானார். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் விருதினை நான்கு முறை வென்றார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி, 1942இல் மிட்வே தீவில் படம்பிடிக்கையில் காயமுற்றார்.

குதிரைப்படைப் படங்கள்

போருக்குப் பின் குதிரைப்படை வாழ்வை மூன்று படங்களாக்கினார். முதலாவது 1948இல் வெளிவந்த ‘ஃபோர்ட் அப்பாச்சி’. பூர்வகுடித் தலைவர் கொச்சிஸுக்குத் தம் கேப்டன் அளித்த வாக்கை மீறுகிறார் செருக்குமிக்க கர்னல் ஒருவர். படையோடு தாமும் மடிகிறார். உலகமோ அவரை மாவீரராகப் போற்றுகிறது. உண்மையறிந்த கேப்டனும் படையின் பெருமை கருதி அதனை மறுத்தாரில்லர். பொய்ப்புகழின்மேல் ஒரு நாட்டின் பெருமையை எழுப்புதல் தகுமா? இவ்வினாவிற்கு விடை கூறும் பொறுப்பை ஃபோர்டு நம்மிடமே விட்டுவிடுகிறார்.

அடுத்த ஆண்டு வந்தது ‘ஷீ வோர் எ எல்லோ ரிப்பன்’. இதில் ஓய்வுபெறும் தறுவாயிலுள்ள முதிய கேப்டன், எதிர்த்தரப்பின் குதிரைகளை இரவில் விரட்டியடித்துப் போரையே தவிர்க்கிறார். கொன்று பெறும் வெற்றியினும் கொல்லாது பெறும் வெற்றி உயர்ந்ததன்றோ! மூன்றாவதான ‘ரியோ கிராண்டே’ 1950இல் வெளிவந்தது.

குறையும் நிறையும்

இப்படங்களில் பூர்வகுடியினர் பெரும்பாலும் பகைவராகவே தோன்றுகின்றனர். நவஹோ மக்களின் நிலமாகிய மானுமென்ட் பள்ளத்தாக்கில் படம்பிடித்த ஃபோர்டு, அம்மக்களையே பிற இனத்தவராக நடிக்கச் செய்தார். தம் மண்ணிலேயே பிறர் கதைக்குத் துணைமாந்தராயினர் அவர்கள். இக்குறையை நாம் மறைத்தல் முறையன்று.

எனினும், 1964இல் தம் எழுபதாம் அகவையில், ‘செயென் ஆட்டம்’ என்னும் படத்தை அவர் எடுத்தார். தாயகம் நாடி நெடுந்தொலைவு நடந்த செயென் மக்களின் துயரை அது பேசிற்று. அதிலும் முதன்மையான பூர்வகுடிப் பாத்திரங்களைப் பிற இனத்தவரே ஏற்றனர் எனினும், பகைவராகக் காட்டிய மக்களின் பக்கம் நின்று கதை சொல்ல முற்பட்டது பெரிதேயாம்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் ஃபோர்டு மறைந்தார். வென்றவர் கூறும் வரலாற்றில் தோற்றவர் குரலையும் தேடிக் கேட்டல் கற்றோர் கடன் என்பதை அவர்தம் வாழ்வும் படைப்பும் நமக்கு உணர்த்துகின்றன.