ஹால்டேன் போட்ட கணக்கு

1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேசுவரத்தில் எழுபத்திரண்டு வயது முதியவர் ஒருவர் புற்றுநோயால் காலமானார். ஸ்காட்லாந்துக் குடும்பத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். இறக்கும்போது இந்தியக் குடிமகன். நம் நாட்டு உடையணிந்து, புலால் மறுத்து வாழ்ந்தவர். அவருடைய விருப்பப்படி அவரது உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபு விதிகளையும் கணிதத்தால் இணைத்த மூவரில் ஒருவரான ஜே.பி.எஸ். ஹால்டேன்தான் அவர். மற்ற இருவர் ஃபிஷரும் சீவல் ரைட்டும்.

பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்கு அவரது பெயர் முதலில் மகலனோபிசின் வாயிலாகத்தான் அறிமுகமாயிற்று. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பில் விளக்கும்போது இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தவிர்க்க இயலாது. அங்கு பணியாற்றிய வெளிநாட்டறிஞர் பட்டியலில் இவரும் ஒருவர் என்பதற்கு மேல் அப்போது எதுவும் அறியேன். பின்னர் காரைக்குடியில் எங்கள் குடும்பத்துப் பெண் ஒருவருக்கு லூபஸ் என்னும் நோய் இருப்பது தெரிய வந்தது. அவருடைய மூட்டுவலியையும் களைப்பையும் பல ஆண்டுகள் வீட்டு வேலையின் அலுப்பு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குவதால் வரும் நோய் அது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஏன் பெண்களுக்கு மட்டும் இப்படி என்று தேடியபோது ஹால்டேன் மீண்டும் எதிர்ப்பட்டார்.

1892 நவம்பர் 5-ஆம் தேதி பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்க நச்சு வாயுக்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர். மகனைச் சிறுவயதிலேயே சுரங்கத்திற்குள் அழைத்துச் சென்று, வாயு தேங்கிய இடத்தில் நின்று ஷேக்ஸ்பியரின் நாடக உரையொன்றை ஒப்பிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிச் சிறுவன் விழுந்தான். தரையருகே நல்ல காற்று இருந்தது. அந்த வாயு காற்றைவிட இலேசானது என்பதை அவன் ஒருபோதும் மறக்கவில்லை. தன் உடலையே ஆய்வுக்கூடமாக்கும் இந்தக் குடும்ப வழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கி வீரர்களுக்காக அழுத்தக் கூண்டுக்குள் தாமே அமர்ந்து, வலிப்பு கண்டு, முதுகெலும்பில் காயமுற்றார்.

கல்லூரியில் அவர் கற்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும். அறிவியலில் அவருக்குப் பட்டமே கிடையாது. மரபியலை அவர் கற்றது தங்கை நவோமியுடன் வீட்டுத் தோட்டத்தில் கினிப்பன்றிகள் வளர்த்து. முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில் காயமுற்று, குணமடைய இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாடு அவருக்குப் பிடித்துப்போனது. ஆளும் இனத்தவனாக இங்கு வாழ்வது மட்டும் பிடிக்கவில்லை.

1922-இல் அவர் எழுதிய சிறு கட்டுரை இன்றும் ஹால்டேன் விதி என்றே வழங்குகிறது. இருவேறு இனங்கள் கலந்து பிறக்கும் உயிர்களில் ஒரு பால் மட்டும் அரிதாகவோ மலடாகவோ இருந்தால், அது இரு வேறுபட்ட பால் குரோமோசோம்களைக் கொண்ட பாலாகவே இருக்கும் என்றார். பாலூட்டிகளில் அது ஆண். பறவைகளிலும் பட்டாம்பூச்சிகளிலும் பெண். ஆணுக்கு என்றோ பெண்ணுக்கு என்றோ இயல்பான வலிமை எதுவும் இல்லை, குரோமோசோம் அமைப்பே கணக்கைத் தீர்மானிக்கிறது என்பது இதன் பொருள். அக்காலத்தில் எத்தனை பேர் இதை உள்வாங்கிக்கொண்டனர் என்பது ஐயமே.

1933-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். குருதி உறையாமை நோய்க்கான மரபணுமாற்றம் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று 1935-இல் மதிப்பிட்டார். 1937-இல் ஜூலியா பெல் என்ற பெண் அறிவியலாளருடன் சேர்ந்து, அந்நோய்க்கும் நிறக்குருட்டுக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் ஒன்றுக்கொன்று அருகே இருப்பதைக் குடும்ப வரலாறுகளைக் கொண்டு நிறுவினார். ஆணிடம் எக்ஸ் ஒன்றே இருப்பதால் அதில் பழுது நேர்ந்தால் மாற்று இல்லை. பெண்ணிடம் இரண்டு உண்டு. அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். வேறு சில நோய்கள் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் பொதுவான பகுதியில் அமைந்துள்ளன என்று 1936-இல் அவர் வெளியிட்ட கருத்து பின்னர் நிலைக்கவில்லை.

செட்டிநாட்டு வாசகர்களுக்கு நெருக்கமானது 1939-இல் மொஷின்ஸ்கியுடன் அவர் எழுதிய உறவுத் திருமணம் பற்றிய கட்டுரை. ஆங்கிலத்தில் உறவுமுறைப் பிள்ளைகள் எல்லாரையும் குறிக்க ஒரே சொல்தான். மாமன் மகளையும் அத்தை மகளையும் அம்மொழி பிரித்தறியாது. நாம் பிரித்தறிகிறோம், எக்ஸ் குரோமோசோமும் பிரித்தறிகிறது. ஓர் ஆணின் எக்ஸ் அவன் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. எனவே மாமன் மகளை மணந்தவரின் பெண் குழந்தைக்கு, எக்ஸில் உள்ள ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே படியாக இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகளை மணந்தவரின் பெண் குழந்தைக்கு, வேறு உறவு எதுவும் இல்லையெனில், அது சுழி. ஏனைய குரோமோசோம்களில் இரு மணங்களுக்கும் கணக்கு ஒன்றே: பதினாறில் ஒன்று. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒரே கோயிலின் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், தமக்குள் மணக்க மாட்டார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் கோயில் உரிமை ஒய் குரோமோசோமின் வழியை ஒத்தது. அந்த வேலி தந்தை வழியைக் காக்கிறது. தாய் வழியே வரும் எக்ஸை அது கண்டுகொள்வதில்லை. மருத்துவமனைகளில் சொந்தத்தில் திருமணமா என்று கேட்கிறார்கள். எந்தச் சொந்தம் என்று என்னிடம் எவரும் கேட்டதில்லை.

இதைக்கொண்டு மாமன் மகளை மணந்தால் லூபஸ் வரும் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது ஒரே மரபணுவால் வரும் நோயன்று. ஹால்டேனின் வேறொரு கருத்துதான் இங்கே உதவுகிறது. மலேரியா மிகுந்த பகுதிகளில் தலசீமியா மரபணு நிலைத்திருப்பது, அது மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால் இருக்கலாம் என்று 1940-களின் இறுதியில் அவர் ஊகித்தார். மனித மரபைச் செதுக்கியதில் தொற்றுநோய்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்று 1949-இல் விரித்தெழுதினார். கிருமிகளை எதிர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட கூர்மையே தன் உடலைத் தாக்கவும் காரணமாகிறது என்ற இன்றைய சிந்தனை இதன் நீட்சி.

பெண்ணின் இரு எக்ஸ்களில் ஒன்று ஒவ்வோர் உயிரணுவிலும் அடக்கப்படுகிறது என்று மேரி லயன் 1961-இல் எடுத்துரைத்தார். ஆனால் அடக்கம் முழுமையன்று. வைரசை உணரும் டிஎல்ஆர்7 என்ற எக்ஸ் மரபணு சில உயிரணுக்களில் இரு படிகளிலிருந்தும் இயங்குகிறது. கூடுதல் எக்ஸுடன் பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பதினான்கு மடங்கு என்று 2008-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பால் குரோமோசோம்களுக்கு வெளியே, ஆறாவது குரோமோசோமில் உள்ள சி4 மரபணு லூபஸிலிருந்து தரும் பாதுகாப்பு பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் என்று 2020-இல் தெரிந்தது. ஒரே மரபணு, ஒரே வடிவம். பாலுக்குப் பால் பலன் வேறு. முதுகுத்தண்டை இறுக்கும் வாதமோ ஆண்களிடம் மிகுதி என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஹால்டேனின் அரசியல் சிக்கலானது. பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து அதன் நாளேட்டில் எளிய அறிவியல் கட்டுரைகள் எழுதிக் குவித்தார். சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ மரபியலையே ஒழித்தபோது வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். பிறகு கட்சியிலிருந்து விலகினார். அந்தத் தயக்கம் அவர் வாழ்வில் ஒரு கறை என்றே கருதுகிறேன்.

1957-இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்து புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சூயஸ் படையெடுப்பைக் காரணமாகச் சொன்னார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலேயே இந்தியாவில் நல்ல உயிரியல் செய்யலாம் என்று நம்பினார். அவருடன் பணியாற்றிய டி.ஏ. டேவிஸ், தென்னை மரங்களின் ஓலைகள் சில மரங்களில் இடமாகவும் சிலவற்றில் வலமாகவும் சுற்றி அமைவதை எண்ணி, இடச்சுற்று மரங்கள் அதிகம் காய்ப்பதைக் கண்டார். தேவைப்பட்டவை கண்ணும் குறிப்பேடும் மட்டுமே. மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களைக் கணக்கெடுத்தார்.

நிறுவனத்துடன் முரண்பட்டு 1961-இல் விலகினார். யாருக்கும் பணிந்து போகும் இயல்பு அவருக்கு என்றுமே இருந்ததில்லை. ஒடிசா அரசு புவனேசுவரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் குடலில் புற்றுநோய் கண்டது. லண்டனில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது தம் நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதி வெளியிட்டார். குருதி கசிந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதுதான் அதன் செய்தி. பின் புவனேசுவரத்திற்கே திரும்பினார். அவருக்குப் பிறகும் ஹெலன் இந்தியாவை விட்டுச் செல்லவில்லை. 1978-இல் ஐதராபாத்தில் காலமானார்.