ஆறு பென்ஸ் புத்தகமும் அன்னி பெசன்ட்டும்

ஐயப்பன்தாங்கல் டெப்போவுல இருந்து ரெண்டு பஸ் மாறி பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகாத ஆள் நம்ம காலேஜ்ல அநேகமா யாரும் இருக்க மாட்டீங்க. அந்த ஏரியாவுக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட்டைப் பற்றி பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு வரி படித்திருப்பீர்கள். ஹோம் ரூல் இயக்கம், 1917 காங்கிரஸ் மாநாட்டுத் தலைவர், பிரம்மஞான சபை. ஒரு மார்க் கேள்விக்கு அது போதும்.

ஆனால் இந்தியாவுக்கு வருவதற்கு 16 வருடம் முன்னால், கருத்தடை பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை விற்றதற்காக இதே பெண்மணிக்கு லண்டன் கோர்ட் ஆறு மாத ஜெயில் தண்டனை விதித்தது தெரியுமா? அந்த வழக்கால் அவர் தன் சொந்த மகளையே இழந்தார் என்பது தெரியுமா? இன்று மெடிக்கல் ஷாப்பில் நியூஸ் பேப்பரில் சுற்றி, கருப்பு கவரில் போட்டுத் தருகிற ஒரு பொருளுக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வாங்க, முதலில் இருந்து பார்ப்போம்.

பாதிரியார் மனைவி

1847 அக்டோபர் 1, லண்டன். அன்னி வுட் பிறந்த நாள். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட, குடும்பத்தில் காசு இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அம்மையார் வளர்த்து நல்ல படிப்பு கொடுத்தார். 20 வயதில் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருடன் கல்யாணம். மகன் டிக்பி, மகள் மேபல் என்று அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள்.

ஏழைக் குடும்பங்களில் வருடத்துக்கு ஒரு பிரசவம், அதில் இறந்துபோகும் குழந்தைகள், 30 வயதிலேயே கிழவியாகிவிடும் அம்மாக்கள். இதெல்லாம் அந்தக் கால இங்கிலாந்தில் சாதாரணக் காட்சி. அன்னியின் சொந்தக் குழந்தை மேபலே கக்குவான் இருமலில் சாகப் பிழைக்கக் கிடந்தாள். இதையெல்லாம் பார்த்த அன்னிக்கு மத நம்பிக்கை ஆட்டம் கண்டது. கணவரோ பாதிரியார். அப்புறம் எப்படி ஒத்துப்போகும்? 1873-ல் பிரிந்தார்கள். மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம் என்று ஒப்பந்தம்.

அடுத்த வருடமே நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவைச் சந்தித்து, அவருடைய தேசிய மதச்சார்பற்ற சங்கத்தில் சேர்ந்தார். மேடையில் பெண்கள் பேசுவதே அதிசயமாக இருந்த காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அந்தக் காலத்து காண்டம் எப்படி இருந்தது?

இந்த இடத்தில் கொஞ்சம் டெக்னாலஜி பார்த்துவிடுவோம். நாம என்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ் ஆச்சே.

காண்டத்தின் வரலாறு கருத்தடையில் இருந்து ஆரம்பிக்கவில்லை, நோய் பயத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க சிஃபிலிஸ் பரவியபோது, இத்தாலிய மருத்துவர் கேப்ரியல் ஃபலோப்பியோ மருந்தில் நனைத்துக் காயவைத்த லினன் துணி உறை ஒன்றைப் பரிந்துரைத்தார். 1,100 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததாகவும் ஒருவருக்கும் நோய் வரவில்லை என்றும் எழுதினார். அவர் இறந்த பிறகு 1564-ல்தான் அந்தப் புத்தகம் வெளியானது. பயாலஜியில் ஃபலோப்பியன் குழாய் என்று படித்தோமே, அது இதே ஆள் பெயர்தான்.

பிறகு ஆட்டுக்குடலில் செய்த உறைகள் வந்தன. விலை அதிகம், பணக்காரர்களுக்கு மட்டும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கெமிஸ்ட்ரியில் வல்கனைசேஷன் என்று படிக்கிறோம். டயர், டியூப் எல்லாம் இதில் இருந்து வந்தது. ரப்பர் காண்டமும் அப்படித்தான். ஆனால் முதலில் வந்தவை சைக்கிள் டியூப் மாதிரி தடியாக, பக்கத்தில் ஒட்டுத் தையலோடு இருந்தன. கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்! மெல்லிய லேடெக்ஸ் காண்டம் 1920களில்தான் வந்தது.

அதனால் அன்னி பெசன்ட் காலத்தில் காண்டம் என்றாலே தவறான இடங்களுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் பொருள் என்ற பெயர்தான். குடும்பப் பெண்களுக்குக் கருத்தடை பற்றிச் சொல்ல யாருமே இல்லை. டாக்டர்களும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆறு பென்ஸ் வழக்கு

சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க டாக்டர் 1832-ல் கருத்தடை பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதற்காக அங்கே மூன்று மாதம் கடும் காவல் தண்டனையும் அனுபவித்தார். இங்கிலாந்தில் அந்தப் புத்தகம் பல வருடங்களாக யாரும் கண்டுகொள்ளாமல் விற்றுக்கொண்டிருந்தது. வருடத்துக்கு சுமார் 700 பிரதி. பிரிஸ்டலில் ஒரு கடைக்காரர் அதில் படங்கள் சேர்த்து விற்கப்போக, போலீஸ் பிடித்தது. லண்டன் பதிப்பாளரும் சிக்கினார். அவர் பயந்துபோய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பிராட்லாவும் அன்னியும் இதை விடவில்லை. புத்தகத்தில் இருப்பது எல்லாம் சிறந்த அறிவு என்று அவர்கள் நினைக்கவில்லை. அதில் சொல்லியிருந்த முறை கழுவுதல்தான், அதில் பாதுகாப்பும் குறைவு. ஆனால் ஏழைகளுக்கு இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டா இல்லையா என்பதே கேள்வி என்றார்கள். சொந்தமாகப் பதிப்பகம் ஆரம்பித்து, புத்தகத்தைத் திரும்ப அச்சடித்து, விலை ஆறு பென்ஸ் என்று போட்டார்கள். அதற்கப்புறம் செய்ததுதான் கெத்து. எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் விற்கப்போகிறோம் என்று அதிகாரிகளுக்கு அவர்களே முன்கூட்டித் தகவல் கொடுத்தார்கள். 1877 மார்ச் 24-ல் கடை திறந்ததும் கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. எதிர்பார்த்தபடியே கைது.

1877 ஜூன் 18-ல் விசாரணை. நீதிபதி சர் அலெக்சாண்டர் காக்பர்ன். அன்னி வக்கீல் வைக்கவில்லை, தன் வழக்கைத் தானே வாதாடினார். வயது 29. ஆண்கள் மட்டுமே நிறைந்த கோர்ட்டில், கருத்தடை பற்றி, ஒரு பெண், மணிக்கணக்கில்! பிள்ளை பெற்றுப் பெற்றுச் சாகும் பெண்கள், ஒரே அறையில் நெருக்கியடித்து வாழும் தொழிலாளர் குடும்பங்கள், பால் கிடைக்காமல் சாகும் குழந்தைகள் என்று அடுக்கினார்.

ஜூரியின் தீர்ப்பு விசித்திரமானது. புத்தகம் ஒழுக்கத்தைக் கெடுக்கும், ஆனால் இவர்களுக்குக் கெட்ட நோக்கம் இல்லை! இனி விற்க மாட்டோம் என்று சொல்லியிருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. ஆளுக்கு ஆறு மாத ஜெயில், 200 பவுண்ட் அபராதம். அப்பீல் முடியும் வரை ஜாமீன். 1878 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட், குற்றப்பத்திரிகையில் ஆட்சேபத்துக்குரிய வரிகளைக் குறிப்பிடவில்லை என்ற டெக்னிக்கல் ஓட்டையில் தண்டனையை ரத்து செய்தது.

தடை செய்யப் போய் நடந்தது என்ன தெரியுமா? வருடத்துக்கு 700 விற்ற புத்தகம் சில மாதங்களிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டியது. அன்னியே மக்கள்தொகை விதி பற்றிச் சொந்தமாக ஒரு கையேடு எழுதினார். அதுவும் லட்சக்கணக்கில் போனது. அதில் அவர் பரிந்துரைத்தது ஸ்பாஞ்ச் முறை, அதாவது பெண்ணின் கையில் இருக்கும் முறை.

இதே காக்பர்ன் 1868-ல் இன்னொரு வழக்கில், ஆபாசம் எது என்பதற்கு ஒரு அளவுகோல் வகுத்திருந்தார். அதற்கு ஹிக்லின் சோதனை என்று பெயர். நம் சுப்ரீம் கோர்ட்டும் 1964-ல் அதை ஏற்றுக்கொண்டு, 2014-ல்தான் கைகழுவியது. ஒரு விக்டோரியா கால அளவுகோல் ஸ்மார்ட்போன் காலம் வரை நம்மோடு வந்திருக்கிறது பாருங்க.

கொடுத்த விலை

ஜெயிலில் இருந்து தப்பித்தார். ஆனால் கணவர் சும்மா இருக்கவில்லை. நாத்திகமும் அந்த மாதிரி புத்தகமும் பேசுகிற பெண்ணிடம் மகள் வளரக்கூடாது என்று 1878-ல் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் ஒப்புக்கொண்டது. எட்டு வயதைக்கூட எட்டாத மேபலை அம்மாவிடம் இருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அன்னி உடைந்துபோனார், படுத்த படுக்கையானார். மகனும் மகளும் வளர்ந்து, சொந்தமாக முடிவெடுக்கும் வயது வந்ததும் தாங்களாகவே அம்மாவைத் தேடி வந்தது பின்கதை. ஆனால் அந்த நடுவில் போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

படிப்பிலும் அடி விழுந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். 1883-ல் யூனிவர்சிட்டி காலேஜ் தாவரவியல் வகுப்பில் இவரையும் பிராட்லாவின் மகளையும் சேர்க்க மறுத்துவிட்டார்கள். காரணம், அந்த வழக்கால் வந்த பெயர். அறிவியல் பட்டம் கடைசி வரை கைக்கு வரவே இல்லை. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் படும் பாட்டை எழுதி, அவர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்து ஜெயிக்கவைத்தார். 1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். அங்கேதான் பெரிய யூ-டர்ன். மனிதன் உடலின் ஆசையைக் கட்டுப்பாட்டால் வெல்ல வேண்டும் என்ற கருத்துக்கு வந்து, மகளை விலையாகக் கொடுத்து நின்ற அதே கொள்கையை விட்டார். 1891-ல் தன் கையேட்டின் விற்பனையை நிறுத்திவிட்டார்.

புத்தகம் முந்திக்கொண்டது

அவர் நிறுத்தினார். ஆனால் எழுத்து அவருக்கு முன்பே கப்பலேறி இங்கே வந்துவிட்டது. 1882-லேயே மெட்ராஸில் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்காக ஒரு மால்தூசியன் சங்கம் உருவானது. பிராட்லா, பெசன்ட் எழுத்துகளைப் படித்த நம்ம ஊர் சுதந்திரச் சிந்தனையாளர்கள் தத்துவ விவேசினி என்ற தமிழ் வார இதழை நடத்தினார்கள். 1893 நவம்பரில் தூத்துக்குடியில் அன்னி வந்து இறங்கியபோது, அவர் கைவிட்ட கொள்கை அவருக்குப் பதினோரு வருடம் சீனியராக மெட்ராஸில் இருந்தது!

அதற்கப்புறம் நடந்தது பாடப்புத்தகத்தில் உள்ளது. 1907-ல் அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர், 1916-ல் ஹோம் ரூல், 1917-ல் ஊட்டியில் காவல், அதே வருடம் காங்கிரஸ் தலைமை. நடுவில் ஒரு முரண்: சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தன் பொறுப்பில் வளர்த்ததற்காக 1912-ல் அவன் அப்பா வழக்குப் போட்டார். ஒரு காலத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா, இப்போது பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லும் வழக்கில் எதிர்க்கட்சி. மெட்ராஸில் தோற்று, 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் ஜெயித்தார்.

1933 செப்டம்பர் 20-ல் அடையாறில் காலமானார். அதே காலகட்டத்தில், அவருடைய அரசியலுக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்ற பெரியார், கர்ப்பத்தடையை வேறு கோணத்தில் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வறுமை, மக்கள்தொகை என்று காரணம் சொல்ல, அவர் பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார்.

அப்புறம் அரசாங்கமே களத்தில் இறங்கியது. 1968-ல் நிரோத் வந்தது. மூன்றுக்குப் பதினைந்து பைசா. டீத்தூள், சோப்பு, பேட்டரி கம்பெனிகளின் வண்டிகளில் ஏறிப் பெட்டிக்கடை வரை போனது. 1969-ல் திருவனந்தபுரத்தில் அரசு ஃபேக்டரியே ஓட ஆரம்பித்தது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைச் சென்னையில் கண்டுபிடித்ததும், காண்டம் மறுபடியும் தன் பழைய வேலைக்கே, அதாவது நோய்த் தடுப்புக்கே திரும்பியது. 2000களின் தொடக்கத்தில் ஊரெல்லாம் ஒட்டியிருந்த புள்ளிராஜா போஸ்டரை உங்கள் அண்ணன், அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பாக்டரியில் ஒவ்வொரு காண்டத்தையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் செலுத்திப் பார்க்கிறார்கள். ரப்பர் மின்கடத்தாப் பொருள். கரண்ட் பாய்ந்தால் ஓட்டை, தூக்கிப் போடு. இவ்வளவு டெஸ்ட் பாஸான பொருளை நாம் பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து, சூட்டிலும் உராய்விலும் கெடுக்கிறோம். தேங்காய் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகும் என்பதும், பாக்கெட்டில் எக்ஸ்பைரி தேதி இருக்கிறது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாலிமர் பேப்பரில் அவுட் ஆஃப் எடுத்தவனுக்கும் தெரியாது. ஏன்னா கேட்கக் கூச்சம், சொல்ல ஆள் இல்லை.

அன்னி பெசன்ட் பின்னாளில் மாறியது சரியா தப்பா என்று நீங்கள் விவாதிக்கலாம். ஆனால் 1877-ல் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் வேலை இருக்கிறது. தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது குற்றமா? அந்தக் கேள்விக்காக ஒரு அம்மா தன் மகளை இழந்தார். நமக்கு ஆகிற செலவு ஒரு நிமிடக் கூச்சம் மட்டும்தான். டாக்டரிடம் கேளுங்க, தெரிஞ்சதை ஃபிரெண்டுக்கும் சொல்லுங்க.